சேர்க்கை சரியில்லை!

எந்த ஊர் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் வேண்டுமானாலும் போய் நின்று பாருங்கள். உள்ளே லாக்-அப்பில் மகன். வெளியே மரத்தடியில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அம்மா. அவள் சொல்கிற வசனம் மட்டும் மாறுவதே இல்லை: 'எம் புள்ள தங்கம் சார்... சேர்க்கைதான் சரியில்ல!'

ஸ்டேஷன் ரைட்டர் அதைக் காதில் போட்டுக்கொள்ள மாட்டார். அவரிடம் வேறு பதில் தயாராக இருக்கும். 'அப்பன் எப்படியோ அப்படித்தானே புள்ளையும்!'

விளையாட்டாகச் சொல்லவில்லை. இந்த இரண்டு வாக்கியங்களுக்கும் நடுவேதான் குற்றவியல் என்கிற முழுப் படிப்பும் நூற்றைம்பது வருஷங்களாக இழுபறியில் கிடக்கிறது. ரைட்டரின் கட்சியில் மிகப் பெரிய ஆள், இத்தாலி டாக்டர் சீஸரே லோம்ப்ரோஸோ. வில்லெல்லா என்கிற கொள்ளைக்காரனின் மண்டையோட்டைக் கையில் எடுத்தவர், பின்பக்கம் ஒரு பள்ளத்தைப் பார்த்ததும் துள்ளிக் குதித்தார். 'குற்றவாளி பிறக்கும்போதே குற்றவாளி! தாடையைப் பார், காதைப் பார், தெரிந்துவிடும்' என்று 1876-ல் ஒரு புத்தகமே போட்டார். ஐரோப்பாவே கை தட்டியது.

நம்ம ஊர் வெள்ளைக்கார துரைகள் அவரையும் முந்திக்கொண்டவர்கள்! 1871-லேயே 'குற்றப் பரம்பரைச் சட்டம்' கொண்டுவந்துவிட்டார்கள். தச்சர் பிள்ளை தச்சர், நெசவாளி பிள்ளை நெசவாளி என்றால் திருடன் பிள்ளை திருடன்தானே என்பது அந்தச் சட்டத்தின் லாஜிக். தொட்டிலில் கிடக்கிற குழந்தைக்கும் அது பொருந்தும். 1911-ல் திருத்தப்பட்ட சட்டம் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. கைரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூர் மக்கள் மீது 1920 ஏப்ரல் 3-ம் தேதி துப்பாக்கிச் சூடு நடந்தது தனிக் கதை. 1947-ல்தான் சென்னை மாகாணம் அந்தச் சட்டத்தைத் தூக்கி எறிந்தது.

அம்மாவின் கட்சிக்கும் ஒரு பெரிய வக்கீல் கிடைத்தார். அமெரிக்கப் பேராசிரியர் எட்வின் சதர்லேண்ட். ஒரு தொழில்முறைத் திருடனை எதிரே உட்காரவைத்துப் பேசி, 1937-ல் புத்தகமாக்கியவர். அவர் 1939-ல் சொன்னது இதுதான்: குற்றம் ரத்தத்தில் வருவதில்லை. சைக்கிள் ஓட்டக் கற்பது மாதிரி, பாஷை கற்பது மாதிரி, நெருக்கமானவர்களிடம் இருந்து கற்றுக்கொள்வது. தொழில்நுட்பத்தை மட்டுமல்ல, 'இதில் தப்பே இல்லை' என்கிற நியாயத்தையும் சேர்த்தே கற்றுக்கொள்கிறார்கள்.

அந்த இரண்டாவது பாதியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேண்டியிருக்கும்.

இப்போது நம்ம ஊருக்கு வருவோம்.

சென்னையிலிருந்து பெங்களூருக்கு ரோடு வழியாகப் போயிருக்கிறீர்களா? வாணியம்பாடி, நாட்றம்பள்ளி தாண்டினால் பர்கூர். கிரானைட் பாறை, மாந்தோப்பு, ஜவுளிக் கடைகள். அடுத்து கிருஷ்ணகிரி, சூளகிரி, ஓசூர்... தொழிற்பேட்டைப் புகை தெரிந்தால் கர்நாடக எல்லை வந்துவிட்டது என்று அர்த்தம். (இன்னொரு பர்கூரும் இருக்கிறது. ஈரோடு மாவட்டம் அந்தியூருக்கு மேலே, மலையில். சிவப்புத் தோலில் வெள்ளைத் திட்டு போட்ட பர்கூர் மாடுகளுக்குப் பெயர் போனது. வீரப்பன் நடமாடிய காடு அந்தப் பக்கம்தான். இரண்டையும் குழப்பிக்கொள்ளாதவர்கள் குறைவு.)

நம்முடைய ரோட்டோர பர்கூர், 1991-ல் நாடு முழுக்கத் தெரிந்த பெயராகிவிட்டது. அந்தத் தொகுதியில் ஜெயித்து ஜெயலலிதா முதல் முறையாக முதலமைச்சர் ஆனார். அப்போது கிருஷ்ணகிரி தனி மாவட்டம் இல்லை, 2004 பிப்ரவரியில்தான் பிரித்தார்கள். பர்கூர், ஓசூர், ஒகேனக்கல், அரூர் எல்லாமே ஒரே தர்மபுரி மாவட்டம். அந்த எல்லைச் சீமையில், 1991-லும் 1992-லுமாக, எட்டு மாதத்துக்குள் இரண்டு சம்பவங்கள் நடந்தன. ஒன்றில் குற்றவாளி காட்டுக்குள் இருந்தான். இன்னொன்றில் குற்றவாளிகள் சம்பளப் பட்டியலில் இருந்தார்கள்!

முதல் சம்பவம், ஒகேனக்கல்லுக்கு அக்கரையில் இருக்கும் கோபிநத்தம். தமிழ் பேசும் கிராமம். கொள்ளேகால் தாலுகாவைச் சேர்ந்தது என்பதால் 1956 வரை அது நம்ம கோயமுத்தூர் மாவட்டம். அந்த வருஷம் மாநிலங்களைப் பிரித்துக் கோடு போட்டபோது மைசூர் மாநிலத்துக்குப் போனது. அங்கே 1952-ல் பிறந்த ஒரு குழந்தைக்கு அப்போது நாலு வயது. பெயர் வீரப்பன்.

அந்தப் பையனுக்குக் காடுதான் பள்ளிக்கூடம். வாத்தியார், சேவி கவுண்டர் என்கிற யானை வேட்டைக்காரர். துப்பாக்கியை எப்படிப் பிடிப்பது, யானைக்கு எங்கே குறி வைப்பது, தந்தத்தை யாரிடம் விற்பது... எல்லாப் பாடமும் அவரிடம்தான். தம்பி அர்ஜுனனும் பிறகு இதே கோஷ்டியில். ஊரில் பலருக்குச் சந்தனக்கட்டையால்தான் அடுப்பு எரிந்தது. மரம் வெட்டினால் கூலி உடனே கையில். காட்டை வைத்துப் பிழைப்பதைக் குற்றம் என்று சொல்ல அந்த வட்டாரத்தில் யாருமே இல்லை, காக்கிச் சட்டைகளைத் தவிர. சதர்லேண்ட் சொன்ன பாடத்திட்டம் அட்சரம் பிசகாமல் அங்கே நடந்துகொண்டிருந்தது!

1986-ல் வீரப்பன் பிடிபட்டான். வன விடுதி ஒன்றில் வைத்திருந்தார்கள். தப்பி ஓடினான். அடுத்த வருஷம் சத்தியமங்கலம் பக்கத்து வனச்சரகர் சிதம்பரத்தைக் கடத்திக் கொன்றான்.

இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த மனிதர் ஒருவர் கதைக்குள் வருகிறார். கர்நாடக வனத்துறை அதிகாரி பி.ஸ்ரீனிவாஸ், ஐ.எஃப்.எஸ். ராஜமுந்திரிக்காரர். துப்பாக்கியோடு காட்டுக்குள் ஓடுவதைவிட, வீரப்பனின் ஊரிலேயே போய் உட்காருவது என்று முடிவெடுத்தார். யோசித்துப் பாருங்கள்... புலியைப் பிடிக்க அதன் குகையிலேயே குடித்தனம்! கோபிநத்தத்துக்குக் குடிதண்ணீர் கொண்டுவந்தார். ரோடு, வீடுகள், மருந்து மாத்திரை. ஊர் மக்கள் கும்பிட ஒரு மாரியம்மன் கோயிலும் கட்டிக்கொடுத்தார். கடத்தலை விட்டு வந்தவர்களுக்கு வேறு பிழைப்புக்கு வழி செய்தார். கோஷ்டியிலிருந்து ஒவ்வொருவராகச் சரணடைய ஆரம்பித்தார்கள்... தம்பி அர்ஜுனன் உள்பட.

ஸ்ரீனிவாஸ் சதர்லேண்டைப் படித்தாரா, தெரியாது. ஆனால் அவர் செய்தது அதேதான். ஆளை மாற்ற முடியாவிட்டால், ஆளைச் சுற்றி இருக்கிற சேர்க்கையை மாற்று!

வீரப்பனுக்கு இதைவிட ஆபத்து வேறு கிடையாது. போலீஸ் தோட்டாவுக்குப் பாறை மறைவு உண்டு. ஊரே கைவிட்டுப் போனால் எங்கே போய் ஒளிவது? இந்த நேரத்தில் வீரப்பனின் தங்கை மாரி தற்கொலை செய்துகொண்டார். பழியை ஸ்ரீனிவாஸ் தலையில் போட்டான் வீரப்பன். தொழில் பகை, குடும்பப் பகை ஆயிற்று.

'சரணடையத் தயார். ஆனால் ஆயுதம் இல்லாமல் நீங்கள் மட்டும் வரவேண்டும்' என்று தம்பி அர்ஜுனன் மூலம் செய்தி வந்தது. ஸ்ரீனிவாஸ் நம்பினார். 1991 நவம்பர் 10-ம் தேதி காலை, காட்டுப் பாதையில் நடந்தே போனார். சுட்டுக் கொன்று, தலையையும் வெட்டி எடுத்துக்கொண்டு போனான். அரசு அவருக்குக் கீர்த்தி சக்ரா கொடுத்தது. கோபிநத்தம் மக்கள், அவர் கட்டிய கோயிலிலேயே அவருடைய படத்தையும் வைத்தார்கள்.

சரி, சினிமாவும் பத்திரிகையும் எங்கே வருகின்றன?

இதோ. அதே 1991-ம் வருஷம், தமிழ்ப் புத்தாண்டுக்கு ரிலீஸான படம் 'கேப்டன் பிரபாகரன்'. காட்டு வில்லன் வீரபத்ரனாக மன்சூர் அலிகான். அவனை வேட்டையாடும் ஐ.எஃப்.எஸ். அதிகாரியாக விஜயகாந்த். விசில் பறந்தது, நூறு நாளைத் தாண்டி ஓடியது, விஜயகாந்துக்கு 'கேப்டன்' பட்டமும் ஒட்டிக்கொண்டது. தியேட்டரில் வன அதிகாரி ஜெயித்தார். ஏழே மாதத்தில் நிஜக் காட்டில் நிஜ வன அதிகாரியின் தலை போனது. இதைப் படத்தின் தலையில் கட்ட முடியுமா? நிச்சயம் முடியாது. வீரப்பன் துப்பாக்கி பிடிக்கக் கற்றது சினிமாவில் அல்ல.

திரையைப் பார்த்து மனிதர்கள் வன்முறை கற்பார்களா என்கிற சர்ச்சை பழசு. 1961-ல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஆல்பர்ட் பண்டூரா ஒரு சோதனை செய்தார. காற்றடைத்த பொம்மையை ஒரு பெரியவர் குத்துகிறார், உதைக்கிறார். பார்த்துக்கொண்டிருந்த குழந்தைகளைப் பிறகு அதே பொம்மையிடம் விட்டால்... அவையும் அதே மாதிரி குத்து, அதே மாதிரி உதை! பின்னாளில் சினிமாத் துண்டைக் காட்டியும் செய்து பார்த்தார். பொம்மையை உதைப்பதும் மனிதனைக் கொல்வதும் ஒன்றா என்று எதிர்க்கேள்வி கேட்டவர்களும் உண்டு. எனக்கும் அந்தச் சந்தேகம் இருக்கிறது. மீடியா ஒருவனைத் திருடனாக்குவதில்லை, ஆனால் ஏற்கெனவே திருடனாக இருப்பவனுக்கு ஒரு வேஷம் தைத்துக் கொடுத்துவிடுகிறது என்பது என் அபிப்பிராயம்.

வீரப்பன் விஷயத்தில் அதுதான் நடந்தது. 1993-ல் தொடங்கி 'நக்கீரன்' அவனுடைய போட்டோக்களையும் பேட்டிகளையும் கொண்டுவந்தது. அந்த மீசையும் பச்சை உடையும் தமிழ்நாட்டுக் குழந்தைகளுக்குக்கூடத் தெரிந்தன. பிறகு வீடியோ, டி.வி.! அது பத்திரிகைத் தொழிலில் பெரிய சாதனை, சந்தேகமே இல்லை. ஆனால் காட்டுக்குள் இருந்தவனுக்கு என்ன புரிந்திருக்கும்? தனக்கு ஆடியன்ஸ் இருக்கிறது என்று! பணம், பொது மன்னிப்பு என்று பேரம் பேசியவன், மெல்ல மெல்ல நாட்டு நடப்புக்கெல்லாம் தீர்ப்பு சொல்ல ஆரம்பித்தான்.

சேர்க்கையும் மாறியது. பழைய வேட்டைக்காரக் கூட்டாளிகள் பலரும் செத்தோ பிடிபட்டோ போன பிறகு, தீவிரத் தமிழ்த் தேசிய இளைஞர்கள் சிலர் காட்டுக்குள் போய்ச் சேர்ந்தார்கள். 2000 ஜூலை 30-ம் தேதி ராத்திரி, தாளவாடி அருகே காஜனூர் வீட்டிலிருந்து கன்னட நடிகர் ராஜ்குமாரைக் கடத்தினான். பெங்களூரே மூச்சு நின்று கிடந்தது. கோரிக்கைப் பட்டியல் வந்தது... காவிரித் தண்ணீர், பெங்களூரில் திருவள்ளுவர் சிலைத் திறப்பு, மாஞ்சோலை எஸ்டேட் தொழிலாளர் கூலி! தந்தம் கடத்தியவன் வாயில் திருவள்ளுவர் எப்படி வந்தார்? கூட உட்கார்ந்து சாப்பிட்ட ஆட்கள் மாறினார்கள், பாஷையும் மாறியது. அவ்வளவுதான். 108 நாள் கழித்து ராஜ்குமார் வீடு திரும்பினார்.

கடைசியில் அவன் கதையை முடித்ததும் சேர்க்கைதான். அதிரடிப்படைத் தலைவர் விஜயகுமார், நம்பிக்கையான கூட்டாளிகள் என்ற பெயரில் தன் ஆட்களையே அவனிடம் போய்ச் சேர வைத்தார். 2004 அக்டோபர் 18-ம் தேதி ராத்திரி, கண் சிகிச்சைக்கு என்று ஆம்புலன்ஸில் ஏறினான். வண்டியை ஓட்டியதே போலீஸ்காரர்! தர்மபுரி மாவட்டம் பாப்பாரப்பட்டி பக்கத்தில் எல்லாம் முடிந்தது.

இதோடு நிறுத்தினால் நீங்கள் திருப்தியாகப் பக்கத்தைப் புரட்டிவிடுவீர்கள். காட்டான், வேட்டைக்காரக் குடும்பம், கெட்ட சேர்க்கை... வேறு என்ன ஆவான் என்று. அதனால்தான் இரண்டாவது சம்பவத்தைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

சதர்லேண்டிடம் நான் சொல்லாமல் விட்ட ஒரு விஷயம் உண்டு. வறுமையும் மோசமான குடும்பமும்தான் குற்றத்துக்குக் காரணம் என்றால், கோட்டு சூட்டு போட்ட கம்பெனி முதலாளிகள் ஏன் குற்றம் செய்கிறார்கள் என்று கேட்டவர் அவர். 'வெள்ளைக் காலர் குற்றம்' என்கிற சொல்லே அவர் உருவாக்கியதுதான். 1949-ல் அதைப் புத்தகமாகப் போட்டபோது, கம்பெனிகளின் பெயரை எல்லாம் எடுத்துவிடச் சொன்னார்கள். 1983-ல்தான் பெயர்களோடு முழுப் புத்தகம் வந்தது. அவர் செத்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆன பிறகு!

வெள்ளைக் காலர் இருக்கட்டும். நாம் காக்கிக் காலருக்குப் போவோம்.

அரூர் தாலுகா, சித்தேரி மலையடிவாரம். வாச்சாத்தி. மலையாளி பழங்குடி மக்கள் வாழும் ஊர். 1992 ஜூன் 20-ம் தேதி. சந்தனக்கட்டை பதுக்கியிருக்கிறார்கள் என்று சோதனைக்கு வனத்துறை ஊழியர்கள் வந்தார்கள். வாக்குவாதம், கைகலப்பு, ஒரு ஊழியருக்கு அடி. அதன் பிறகு பெரும்படையாக வந்தார்கள். வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை மூன்றும். ஆண்களில் பலர் மலைக்கு ஓடிவிட்டார்கள். கிடைத்தவர்களை ஆலமரத்தடிக்கு இழுத்து வந்து அடித்தார்கள். இளம் பெண்கள் 18 பேரைப் பிரித்து ஏரிப் பக்கம் கொண்டுபோனார்கள்...

அந்த 18 பேரும் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். ஒருத்தி பள்ளிக்கூடம் போகும் வயதுச் சிறுமி. பிறகு எல்லோரையும் அரூர் வனத்துறை அலுவலகத்துக்குக் கொண்டுபோய் ராத்திரி முழுக்க வைத்திருந்தார்கள். 90 பெண்கள், 28 குழந்தைகள் உள்பட 133 பேரைச் சிறைக்கு அனுப்பினார்கள். ஊரில் வீடுகளை இடித்தார்கள். ஆடு கோழிகளை அறுத்துத் தின்றார்கள். கிணற்றைக் குடிக்க முடியாதபடி நாசமாக்கினார்கள். ஒரே நாளில் அல்ல, திரும்பத் திரும்ப வந்து!

அரசுத் தரப்பு மறுத்தது. 'சந்தனக் கடத்தல் கிராமம்' என்று ஒரு முத்திரை குத்தினால் போதுமே! சினிமாவும் செய்தியுமாகச் சேர்ந்து, காட்டோரத்தில் வாழ்கிறவன் என்றாலே கடத்தல்காரன் என்று பட்டணத்து ஜனங்களுக்கு ஏற்கெனவே பாடம் நடத்தி வைத்திருந்த நேரம் அது. குற்றப் பரம்பரைச் சட்டம் புத்தகத்திலிருந்துதான் போயிருந்தது. மலைவாழ் மக்கள் சங்கத்தின் பெ.சண்முகமும் மார்க்சிஸ்ட் தலைவர் ஏ.நல்லசிவனும் விடாமல் பிடித்துக்கொண்டு கோர்ட்டுக்குப் போயிருக்காவிட்டால், இந்த ஊரின் பெயர் நமக்குத் தெரிந்தே இருக்காது. தாழ்த்தப்பட்டோர் - பழங்குடியினர் ஆணையத்தின் அதிகாரி பாமதி நேரில் போய் விசாரித்து, மக்கள் சொல்வது உண்மை என்று அறிக்கை கொடுத்தார். 1995-ல் வழக்கு சி.பி.ஐ-க்குப் போனது.

குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர். வனத்துறை 155, போலீஸ் 108, வருவாய்த்துறை 6. அவர்களில் நாலு பேர் ஐ.எஃப்.எஸ். அதிகாரிகள். ஆமாம், ஸ்ரீனிவாஸ் எழுதிய அதே பரீட்சையை எழுதி வந்தவர்கள்!

இப்போது சொல்லுங்கள். இந்த 269 பேரில் எத்தனை பேருடைய அப்பா யானை சுட்டவர்? எத்தனை பேருக்கு லோம்ப்ரோஸோவின் மண்டைப் பள்ளம் இருந்தது? சர்வீஸ் கமிஷன் பரீட்சை, போலீஸ் வெரிஃபிகேஷன், நன்னடத்தைச் சான்றிதழ் எல்லாம் தாண்டி வேலைக்கு வந்தவர்கள். ரேஷன் கார்டு, பி.எஃப். லோன், பெண்ணுக்கு வரன் பார்க்கும் கவலை என்று உங்களையும் என்னையும் போலத்தான் இருந்திருப்பார்கள்.

வாச்சாத்தி நடந்த அதே 1992-ல், அமெரிக்க சரித்திர ஆசிரியர் கிறிஸ்டோபர் பிரவுனிங் 'சாதாரண மனிதர்கள்' என்ற தலைப்பில் ஒரு புத்தகம் வெளியிட்டார். நாஜி ஜெர்மனியின் 101-வது ரிசர்வ் போலீஸ் பட்டாலியன் பற்றியது. ஹாம்பர்க் நகரத்து நடுத்தர வயது ஆசாமிகள், சுமார் 500 பேர். வெறிபிடித்த நாஜிகள் இல்லை. 1942 ஜூலை 13 விடியற்காலை, போலந்தில் யூஸெஃபூவ் என்கிற ஊரில் அவர்களை நிறுத்தி, மேஜர் ட்ராப் தழுதழுத்த குரலில் உத்தரவைச் சொன்னார்: யூதப் பெண்கள், குழந்தைகள், முதியவர்கள் எல்லோரையும் சுட வேண்டும். கூடவே ஒன்று சொன்னார். 'முடியாது என்கிறவர்கள் விலகிக்கொள்ளலாம்.' தண்டனை கிடையாது!

ஒரு டஜன் பேர்தான் முன்னால் வந்தார்கள். போகப் போக இன்னும் சிலர் நழுவினார்கள். மற்றவர்கள் மாலை வரை சுட்டார்கள். சுமார் 1,500 பேர். ஏன்? பிரவுனிங் சொல்லும் காரணங்களில் முக்கியமானது, பயம் அல்ல. பக்கத்தில் நிற்கிற சகா என்ன நினைப்பான் என்கிற கூச்சம்! அசிங்கமான வேலையை நண்பர்கள் தலையில் தள்ளிவிட்டு நாம் மட்டும் ஒதுங்குவதா?

அதாவது, சேர்க்கை.

நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பது, அந்த ஜூன் மாதத்தில் வாச்சாத்தியிலிருந்து வீடு திரும்பியவர்களை. கதவைத் திறந்த மனைவி 'ஏன் இவ்ளோ லேட்டு?' என்று கேட்டிருப்பாள். மகள் தூங்கிப் போயிருப்பாள். என்ன பதில் சொல்லியிருப்பார்கள்? 'ரெய்டு' என்ற ஒரு வார்த்தை போதுமானதாக இருந்திருக்குமா? சதர்லேண்ட் சொன்ன அந்த இரண்டாவது பாதி, 'இதில் தப்பே இல்லை' என்கிற நியாயம், அந்த ஒரு வார்த்தைக்குள் அடங்கியிருந்ததா?

தீர்ப்பு வர 19 வருஷம் ஆயிற்று. 2011 செப்டம்பர் 29-ம் தேதி தர்மபுரி கோர்ட், 269 பேருமே குற்றவாளிகள் என்றது. ஒருவர்கூட விடுதலை இல்லை! அதற்குள் 54 பேர் இறந்துபோயிருந்தார்கள். மிச்சம் 215 பேருக்குத் தண்டனை, அதில் 17 பேருக்குப் பாலியல் வன்கொடுமைக்காக. அப்பீல் போனார்கள். 2023 மார்ச்சில் சென்னை ஹைகோர்ட் நீதிபதி பி.வேல்முருகன் வாச்சாத்திக்கே நேரில் போய்ப் பார்த்தார். அதே வருஷம் செப்டம்பர் 29-ம் தேதி, பன்னிரண்டு வருஷம் கழித்து அதே தேதியில், தண்டனையை உறுதி செய்தார். உண்மையான கடத்தல்காரர்களையும் பெரும்புள்ளிகளையும் காப்பாற்றத்தான் இத்தனையும் நடந்தது என்றும் சொன்னார். அப்போதிருந்த கலெக்டர், எஸ்.பி., மாவட்ட வன அதிகாரி மீது நடவடிக்கை எடுக்கவும் உத்தரவிட்டார்.

பாதிக்கப்பட்ட 18 பெண்களுக்கும் தலா 10 லட்ச ரூபாய். அதில் பாதியை, குற்றம் செய்தவர்களிடமிருந்தே வசூலிக்க வேண்டும் என்பது உத்தரவு. 18 பேரில் சிலர் அதற்குள் இறந்துவிட்டதால், அவர்கள் பங்கு குடும்பத்துக்குப் போகும்.